நிற்கிற வண்டிக்குக் காவல்

செய்யூரில் ரயில் இல்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரைக்கும் கடற்கரையோரப் பாதை வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் நாம் மதுராந்தகத்துக்கோ மேல்மருவத்தூருக்கோ பஸ் பிடித்துப் போய்த்தான் ரயிலைப் பார்க்க வேண்டும். ஆனாலும் ரயில்வே தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு இந்தத் தாலுகாவில் பஞ்சம் வந்ததில்லை. சூனாம்பேடு, பவுஞ்சூர், சித்தாமூர், கடப்பாக்கம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். ஒருவர் அசிஸ்டென்ட் லோகோ பைலட், ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர், இன்னொருவர் பாயின்ட்ஸ்மேன். ஆர்டர் கையில் வந்ததும், பயிற்சிப் பள்ளிக்குப் போகிறதற்கு முன்னால் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு நடை வருவது வழக்கமாகிவிட்டது. நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதியே கொடுத்துவிடுகிறேன். சட்டப் புத்தகத்தில் இருப்பதைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தச் சட்டம் யாருடைய சாவுக்குப் பிறகு வந்தது, எதற்காக வந்தது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

1. முதலில் விபத்துகளைப் படியுங்கள். சம்பளம், அலவன்ஸ், இடமாற்றல் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

2009 ஏப்ரல் 29 விடியற்காலையில், சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் நின்ற புறநகர் மின்சார ரயிலை யாரோ ஒருவன் கிளப்பிக்கொண்டு போய், வியாசர்பாடி ஜீவா அருகே நின்றிருந்த எண்ணெய் டேங்கர் வண்டியில் மோதினான். நாலு பேர் இறந்தார்கள். 2011 செப்டம்பர் 13 இரவு, அரக்கோணம் தாண்டிச் சித்தேரி அருகே சிக்னலுக்காக நின்றிருந்த காட்பாடி பாசஞ்சரின் முதுகில், சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் போகிற மெமு வந்து இடித்தது. வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களில் பத்துப் பேருக்குக் குறையாமல் போய்ச் சேர்ந்தார்கள். 2023 ஜூன் 2, ஒடிசாவின் பாஹாநாகா பஜார். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், லூப் லைன் என்கிற ஒதுங்கும் பாதைக்குள் புகுந்து, அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் பலி. 2024 ஜூன் 17, மேற்கு வங்காளத்தின் ரங்காபானி. நின்றிருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸைச் சரக்கு வண்டி பின்னாலிருந்து இடித்தது. அதே வருஷம் அக்டோபர் 11 இரவு, நம் கவரைப்பேட்டை. மைசூரு – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனில் போக வேண்டியது, லூப்பில் நின்ற சரக்கு வண்டியில் போய் முட்டியது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை.

ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு: திருட்டு, சிக்னலை மீறியது, வயரிங், அரைகுறையாக எழுதிய அனுமதித் தாள், பாயின்டில் கோளாறு. ஆனால் ஐந்திலும் ஒரு வண்டி ஓடுகிறது, இன்னொன்று நிற்கிறது. இரண்டு வண்டி எதிரும் புதிருமாகப் பாய்ந்து வருவதெல்லாம் சினிமாவில்தான் அதிகம். ரயில் வேலை என்றால் வண்டியை ஓட்டுவது, ஓடவைப்பது என்று நினைத்துக்கொண்டு வருகிறீர்கள். இந்த வேலையில் பெரும்பாதி, நிற்கிற வண்டிக்குக் காவல் இருப்பதுதான். கீழே நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

2. ஸ்டேஷன் மாஸ்டராகப் போகிறவர்களுக்கு. உங்கள் ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற வண்டியின் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வாலை. கடைசிப் பெட்டியில் எல்.வி. போர்டு இருக்கிறதா, இரவானால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வண்டி முழுசாக வந்து சேரவில்லை, கப்ளிங் அறுந்து நாலு பெட்டி பின்னால் செக்‌ஷனிலேயே நிற்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்க்காமல் பின் ஸ்டேஷனுக்கு “வந்து சேர்ந்தது” என்று சொல்லிவிட்டால், அடுத்த வண்டியை அந்த நாலு பெட்டியின் மேல் ஏற்றுவதற்கு நீங்களே அனுமதி கொடுத்த மாதிரி. மழையிலும் கொசுக்கடியிலும் வெளியே வந்து நின்று கொடி காட்டச் சொல்வது மரியாதைக்காக இல்லை. இப்போது இயந்திரமே அச்சுகளை எண்ணிச் சொல்லிவிடுகிறது. எண்ணட்டும். நீங்களும் பாருங்கள்.

3. கார்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு. 2022-இலிருந்து டிரெய்ன் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர் எதுவானாலும், வண்டி நடுவழியில் நின்றுபோனால் பின்னால் நடப்பது உங்கள் கால்தான். அகல ரயில் பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று. சக்கரம் ஏறினால் வெடிக்கும், வருகிற டிரைவர் பிரேக் போடுவார். ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட இந்த நடை வராமல் போகலாம். வருகிற அன்றைக்கு அது தொழுப்பேட்டுக்கும் அச்சிறுபாக்கத்துக்கும் நடுவில், ராத்திரி, ஜல்லிக்கல் மேல், கையில் சிவப்பு விளக்கோடு இருக்கும். இரண்டு பக்கமும் வயல். 1,200 மீட்டர் என்பது கல் மேல் நடந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். “இதோ இப்போது கிளம்பிவிடும், எதற்கு அவ்வளவு தூரம்” என்று 200 மீட்டரில் வைத்துவிட்டுத் திரும்பத் தோன்றும். வேகமாக வருகிற நீள வண்டி முழு பிரேக் போட்டு நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வேண்டும். 200 மீட்டரில் வைத்த வெடி, மோதலுக்கு முன்னால் ஒரு சத்தம் என்பதற்கு மேல் எதற்கும் உதவாது. பக்கத்து லைன் அடைபட்டிருந்தால் முதலில் அதற்குக் காவல், அப்புறம்தான் பின்பக்கம்.

4. தாமதத்துக்கு வெட்கப்படாதீர்கள். புதுசாக வருகிறவர்களைக் கெடுக்கிற முதல் வியாதி இதுதான். கண்ட்ரோல் கேட்கிறது, பயணி திட்டுகிறார், மேலதிகாரி விளக்கம் கேட்டு மெமோ அனுப்புகிறார். எல்லாம் உண்மை. ஆனால் மெமோவுக்குப் பதில் எழுதிவிடலாம்.

தாமதமானாலும் மெல்லப் போகச் சொல்கிற விதி ஒன்றைப் பாருங்கள். சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை ஆட்டோமேட்டிக் சிக்னல். வண்டி தாண்டியதும் தானாகச் சிவப்பாகும், அது முன்னேற முன்னேற மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை. “ஏ” பலகை உள்ள சிக்னல் சிவப்பாகவே இருந்தால், பகலில் ஒரு நிமிஷம், இரவில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு மெல்லப் போகலாம் என்று விதி. பாதை தெளிவாகத் தெரிந்தாலும் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. இந்த விதியில் ஒரு சூட்சுமம் உண்டு. சிவப்பில் புறப்படுகிற அந்த நேரத்தில், முன்னால் ஒரு வண்டி நிற்கிறது என்று நம்பிக்கொண்டுதான் போக வேண்டும். “சிக்னல் கெட்டுப்போயிருக்கும்” என்று நினைத்துக்கொண்டு போகிறவர் 15-இல் ஆரம்பித்து 40-இல் முடிப்பார். “கண்டிப்பாக ஒரு வண்டி நிற்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை” என்று போகிறவருக்கு 15-கூட அதிகமாகத் தோன்றும். அப்படிப்பட்டவர்தான் நல்ல மோட்டார்மேன்.

5. ரங்காபானியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று காலையிலிருந்தே ஆட்டோமேட்டிக் சிக்னல்கள் வேலை செய்யவில்லை. சிவப்புச் சிக்னல்களைத் தாண்டிப் போகலாம் என்று ஸ்டேஷனில் தாள் கொடுத்தார்கள். எந்த வேகத்தில் என்று அந்தத் தாளில் இல்லை. அன்று அந்தப் பகுதிக்குள் நுழைந்த வண்டிகளில், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று மெதுவாகப் போனது காஞ்சன்ஜங்கா ஒன்றுதான் என்று விசாரணையில் தெரியவந்தது. மற்றவர்கள் தாளை வேறு மாதிரி புரிந்துகொண்டு வேகமாகப் போனார்கள். விதிப்படி போன வண்டிதான் இடி வாங்கியது.

எனக்கு இது இன்றைக்கும் ஆறாத விஷயம். விதியை ஒருவர் மட்டும் கடைப்பிடித்தால் அது அவருக்கே ஆபத்தாகிறது. ஆகவே, ஸ்டேஷன் மாஸ்டர்களே, தாள் எழுதும்போது எதிரே நிற்கிறவர் பழைய ஆள், அவருக்குத் தெரியும் என்று எதையும் விடாதீர்கள். வேகத்தை எழுதுங்கள், எங்கிருந்து எங்கே வரை என்று எழுதுங்கள். முன்னால் ஒரு வண்டி போயிருக்கிறது என்பதை வாயாலும் சொல்லுங்கள். டிரைவர்களே, புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். “இதென்ன சார், வேகம் போடவில்லையே” என்று கேட்டால் உங்கள் மானம் ஒன்றும் போய்விடாது.

6. சிக்னலுக்கு அப்பால் 120 மீட்டர். ஆட்டோமேட்டிக் பகுதியில், அடுத்த சிக்னல் வரைக்கும் பாதை காலியாக இருப்பது மட்டும் போதாது, உங்களுக்குச் சிக்னல் இறங்காது, அதாவது போகலாம் என்று காட்டாது. அதற்கும் அப்பால் 120 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பிளாக் முறையில் இது 180 மீட்டர். டிரைவர் கொஞ்சம் தவறி, சிக்னலைத் தாண்டி நின்றுவிட்டால்கூட முன்வண்டியில் இடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் ஒதுக்கிவைத்த இடம் அது. கல்யாண வீட்டில் நாலு படி அரிசி கூடுதலாக உலை வைப்பார்களே, அந்த மாதிரி. பத்திரிகை கொடுக்கும்போதே அந்த நாலு படியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஊரைக் கூப்பிடக் கூடாது. “கொஞ்சம் தாண்டினாலும் ஒன்றும் ஆகாது” என்று பிரேக்கைத் தாமதமாகப் போடுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

7. மின்சார ரயிலில் மோட்டார்மேன் தனி ஆள். எக்ஸ்பிரஸில் இருக்கிற மாதிரி பக்கத்தில் அசிஸ்டென்ட் கிடையாது. சிக்னல் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல, திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. தனியாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள், கையை நீட்டிக் காட்டுங்கள். பார்க்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும்.

குறிப்பாகக் கிளம்பும்போது. பின்னாலிருந்து கார்டு இரண்டு மணி அடிக்கிறார். ஆள் ஏறியாயிற்று என்று அதற்கு அர்த்தம். பாதை காலி என்று அர்த்தம் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது ஸ்டார்ட்டர் சிக்னல். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மணி கேட்டதும் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பழகிய கை, ஒரு நாள் சிவப்பிலும் திருப்பிவிடும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் 1979 ஏப்ரலில் இப்படித்தான் நடந்தது. சிக்னல் சிவப்பாக இருக்க, மணியைக் கேட்டுக் கிளம்பிய உள்ளூர் ரயில் எதிரே வந்த வண்டியில் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அங்கே மணிச் சத்தத்தையும் புறப்பாட்டையும் சேர்த்துக் கேலிப்பெயர் வைக்கிற அளவுக்கு இது அடிக்கடி நடந்த தவறு. கார்டுகளும் ஸ்டார்ட்டரைப் பார்த்துவிட்டுத்தான் மணியில் கை வைக்க வேண்டும்.

8. செல்போனை அணைத்துப் பையில் போடுங்கள். 2008 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் புறநகர் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவர் சிவப்பைக் கவனிக்காமல் போய்ச் சரக்கு வண்டியில் மோதினார். 25 பேர் சாவு. மோதுவதற்கு 22 விநாடிக்கு முன்னால் அவர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

9. ஒரு சிக்னல் சரியாகத் தெரியவில்லை என்றால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். கிளை மறைக்கிறது, வெயில் கண்ணில் அடிக்கிறது, பக்கத்து லைன் சிக்னல் நம்முடையது போலத் தெரிகிறது, எதுவாக இருந்தாலும் சரி.

லண்டன் பாடிங்டன் அருகே லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் 1999 அக்டோபர் 5 காலையில் நடந்ததை ஒவ்வொரு புது டிரைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்குள்ளிருந்து வெளியே போன பயணிகள் ரயில் ஒன்று சிவப்பைத் தாண்டி, எதிரே வந்த விரைவு வண்டியில் நேருக்கு நேர் மோதியது. 31 பேர் இறந்தார்கள். டிரைவர் தேர்ச்சி பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காலை வெயில் தாழ்வாகச் சிக்னல் மேல் அடித்துக்கொண்டிருந்தது. புது ஆள், கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எஸ்.என். 109 என்ற அந்தச் சிக்னலை, அதற்கு முந்தைய ஆறு வருஷத்தில் எட்டு முறை வேறு வேறு டிரைவர்கள் சிவப்பில் தாண்டியிருக்கிறார்கள். எட்டு முறையும் மோதல் நடக்கவில்லை, அதனால் ஒருவரும் அந்தச் சிக்னலைச் சரியாக மாற்றிவைக்கவில்லை. ஒன்பதாவது ஆள் அந்தப் பையன்.

நம் ஊரில் புது ஆளைப் பார்த்துப் பழையவர்கள் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு: “அந்த சிக்னல் அப்படித்தான் தம்பி, போகப் போகப் பழகிடும்.” அந்த வார்த்தையை நம்பாதீர்கள். ரோடு லேர்னிங் என்று உங்களை வண்டியில் ஏற்றிப் பாதை பழகச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் பாதை தெரியும் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பகலில் பார்த்ததை இரவிலும் பாருங்கள், முடிந்தால் ஐப்பசி மழையிலும் பாருங்கள். தெரியாத இடம் ஒன்று பாக்கியிருந்தாலும் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.

10. கேட்கீப்பர்களுக்கும், அவர்களோடு பேசுகிற ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும். 2025 ஜூலை 8, கடலூர் பக்கம் செம்மங்குப்பம். விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் வருகிற நேரத்தில் கேட் திறந்திருந்தது. பள்ளி வேன் உள்ளே போனது. மூன்று பிள்ளைகள். அந்த கேட் சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். அதாவது கேட் திறந்திருந்தாலும் சிக்னல் இறங்கும். இரும்பு செய்ய வேண்டிய வேலையை அங்கே ஓர் எண் செய்கிறது.

அந்த எண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கேட்கீப்பரிடம் ஒரு தாள் இருக்கும். அதில் வரிசை வரிசையாக இரண்டு இலக்க எண்கள். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் வண்டி எண்ணைச் சொல்லி கேட்டை மூடச் சொல்வார். கேட்கீப்பர் போனை வைத்துவிட்டு வெளியே போக வேண்டும், வின்ச்சைச் சுற்ற வேண்டும், தடுப்பு இரண்டும் முழுக்க இறங்கியதா என்று பார்க்க வேண்டும், பூட்ட வேண்டும், சாவியோடு உள்ளே வர வேண்டும். அதற்கு அப்புறம்தான் தாளில் அடுத்த எண்ணைப் படித்துச் சொல்லி, அதன் மேல் கோடு போட்டு, ரெஜிஸ்டரில் நேரம் எழுத வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டரும் எழுதிக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே எண்ணை எழுதியிருந்தால் கேட் மூடியிருக்கிறது என்று பொருள்.

இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். போனை வைக்காமலே எண்ணைச் சொல்லிவிடலாம். இரண்டு பேருக்கும் வேலை மிச்சம். வண்டி வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, ஒரு பால் வண்டி, ஒரு டிராக்டர் ஹார்ன் அடிக்கிறது, “எண்ணைச் சொல்லிடறேன் சார், இவங்க போனதும் மூடிடறேன்” என்பார் கேட்கீப்பர். ஸ்டேஷன் மாஸ்டரே, போன் மணி அடித்து முடிவதற்குள் எண் வந்தால் வாங்காதீர்கள். வின்ச் சுற்ற எத்தனை நேரம் ஆகும் என்று ஒரு நாள் அந்த கேட்டுக்கே போய் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கப்புறம் போனில் கேட்கிற அவசர எண் எது, நிஜமான எண் எது என்று காதே சொல்லிவிடும். ஆளில்லா லெவல் கிராசிங்குகளை அகலப் பாதையில் 2019 ஜனவரியோடு ஒழித்துவிட்டார்கள். ஆள் இருக்கிற கேட்டில், ஆளை நம்பி நடக்கிற இந்த ஏற்பாட்டையும் ஒழித்து, எல்லா கேட்டையும் சிக்னலோடு பிணைப்பதுதான் சரி. அது வரைக்கும் அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கிறது.

11. சிக்னல் பிரிவில் சேர்கிறவர்களுக்கு: இதைத் துண்டிக்கிறேன் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுக்காமல் ஒரு வயரையும் தொடாதீர்கள். வேலை முடிந்து, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ரீகனெக்‌ஷன் மெமோ. பாஹாநாகாவில் லெவல் கிராசிங் கேட் சம்பந்தமான வேலையில் வயர் மாறிப்போய், பாயின்ட் லூப்புக்குத் திரும்பியிருக்க, சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியது. டிரைவர் பச்சையைப் பார்த்தார், போனார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

லண்டனின் கிளாபம் ஜங்ஷனில் 1988 டிசம்பரிலும் வயர்தான். புது வயரைப் பொருத்திய டெக்னீஷியன் பழையதை ஒரு முனையில் கழற்றாமல் விட்டுவிட்டார். அது போய்த் தொட்டுக்கொண்டு, சிவப்பாக வேண்டிய சிக்னலை மாற விடவில்லை. சிக்னலில் ஏதோ கோளாறு என்று நிறுத்தி, போனில் தகவல் சொல்ல இறங்கினார் ஒரு டிரைவர். அந்த நின்ற வண்டியைப் பின்னால் வந்த வண்டி இடித்தது. 35 பேர் பலி. பின்னால் விசாரித்ததில், அந்த டெக்னீஷியன் முந்தைய பதின்மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு எடுத்திருந்தார். அவர் செய்ததை இன்னொருவர் சரிபார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. நீங்கள் செய்த வேலையை நீங்களே சரிபார்ப்பது சரிபார்ப்பு ஆகாது.

12. வண்டியை விட்டு இறங்கினால் கேபினைப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துப்போங்கள். டீ குடிக்கிற நேரம்தானே என்று விடாதீர்கள். வியாசர்பாடியில் மோதியவனை யார் என்றே அடையாளம் காணமுடியவில்லை.

13. தூக்கம். ரன்னிங் ரூமில் சீட்டாட்டம் வேண்டாம். அக்கா பிள்ளைக்குக் காது குத்து, மாமா வீட்டில் வளைகாப்பு என்று விடிய விடிய விழித்திருந்துவிட்டு மத்தியானம் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். செய்முறை செய்ய வீட்டிலிருந்து வேறு யாராவது போகலாம், சிவப்பைப் பார்க்க உங்களைத் தவிர ஆள் இல்லை. ஓய்வு போதவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். கொடுத்தால் திட்டுவார்கள், தெரியும். எழுத்து இருக்கும்.

14. மழையை மறக்காதீர்கள். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணை அமைச்சராக இருந்தவர் நம் செங்கல்பட்டுத் தொகுதியிலிருந்து போன ஓ. வி. அழகேசன். அரியலூரை வைத்தே அவருக்கு எதிராக முழக்கம் போட்டார்கள், 1957 தேர்தலில் தோற்றார். ஒரு பாலத்தின் அடியில் மண் அரிப்பது டெல்லி வரைக்கும் எட்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். டிராக் மெயின்டெய்னராகப் போகிற பிள்ளைகளே, உங்களை யாரும் சார் என்று கூப்பிட மாட்டார்கள். மழை ராத்திரியில் விளக்கோடு பாதையில் நடக்கிறவர் நீங்கள்தான். தண்ணீர் மட்டம் அபாயக் குறியைத் தொட்டுவிட்டால் சிவப்பைக் காட்டி வண்டியை நிறுத்துங்கள். நிறுத்தியது வீண் என்று பிறகு தெரிந்தாலும் தலை குனிய வேண்டியதில்லை.

15. கவச் வருகிறது, இனிக் கவலையில்லை என்று ஒரு பேச்சு. நல்ல கருவிதான். பாதையில் பதித்த அட்டைகளும், இன்ஜினில் உள்ள பெட்டியும், ரேடியோவும் சேர்ந்து, சிவப்பைத் தாண்டப் போகிற வண்டிக்குத் தானே பிரேக் போடும். சித்தேரி மாதிரி விபத்துக்கு அதுதான் மருந்து. சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர்ப் பாதையில் இதே நோக்கத்தோடு வேறொரு முறையை முன்பே போட்டுப் பார்த்தார்கள். ஆனால் பொய்ப் பச்சையைக் கவச் கண்டுபிடிக்காது, பாயின்டில் கழன்ற போல்ட்டையும் காணாது. கேட்டைத் திறந்துவைத்துவிட்டு எண் சொல்கிற வாயையும் அது மூடாது. வேகமாகப் போட வேண்டும் என்று கேட்கிறவர்களில் நானும் ஒருவன். போட்ட பிறகு கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

16. கடைசியாக, ரயில் வேலைக்குப் போகாமல், ரயில் ஏறி வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு. பரனூரிலும் கிண்டியிலும் வேலை கிடைத்துத் தினம் போய்வரப் போகிறீர்கள். 2018 ஜூலை 24 காலை, கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் திருமால்பூர் போகிற நம் வண்டிதான். மேலே மின்கம்பி அறுந்ததால் கூட்டம் அள்ளியது, வண்டியை எக்ஸ்பிரஸ் லைனில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலையில் அந்த லைனை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர். படியில் தொங்கி வந்தவர்கள் சுவரில் அடிபட்டு ஐந்து பேர் இறந்தார்கள். தினம் தொங்குகிற லைனில் அந்தச் சுவர் கிடையாது. ஒரு நாள் லைன் மாறியது, அவ்வளவுதான்.

சாயங்காலம் செங்கல்பட்டுக்குள் நுழைகிறதற்கு முன்னால் கொளவாய் ஏரியோரம் வண்டி நிற்கும். ஐந்து நிமிஷம் ஆனால் ஒருவர் குதிப்பார், பின்னாலேயே பத்துப் பேர் குதிப்பார்கள், பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஜல்லியில் நடப்பார்கள். மதுராந்தகம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். உங்கள் வண்டி நிற்கிறது, பக்கத்து லைன் வண்டி நிற்கவில்லை. அது எக்ஸ்பிரஸாக இருந்தால், ஹார்ன் காதில் விழுந்த பிறகு ஒதுங்க நேரம் இருக்காது. பஸ் போனால் அடுத்த பஸ் வரும். இறங்காமல் உட்கார்ந்திருங்கள். வண்டியிலோ பாதையிலோ ஏதாவது தப்பாகத் தெரிந்தால் கார்டிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் 139-க்குப் போன் போடுங்கள். அந்த எண்ணை இப்போதே போனில் ஏற்றிவையுங்கள்.